அமைதியின் எல்லைக்கோடு: எராஸ்மஸும் துருக்கியரும்

போரைப் பற்றிக் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்னும் வினா நம்முடைய மேடைகளில் எழும்போதெல்லாம் ஒரே விடைதான் திரும்பத் திரும்பக் கூறப்படுகிறது. மலைப்பிரசங்கம் பகைவனையும் நேசிக்கச் சொன்னது; அதை ஓதியவர்களோ சிலுவைப்போர்களை நடத்தினார்கள் என்பதே அந்த விடை. மறுபக்கத்து மேடைகளிலும் இதே முறையில்தான் நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆக, இருவரும் தத்தம் வேதத்தை மற்றவருடைய வரலாற்றோடு ஒப்பிட்டு வெற்றி கொண்டாடுகிறோம். இது விவாதத்துக்கு உதவலாம், அறிவுக்கு உதவாது.

சில ஆண்டுகளுக்கு முன் 'ஹிதாயா'வின் 'கிதாபுஸ் ஸியர்' பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், கிறிஸ்தவர்களிடமும் இப்படி ஒரு ஸியர் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்று மட்டும் சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த விடை போதாது என்பது எனக்கே தெரிந்திருந்தது. போரைப் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனை ஒரே குரலில் பேசுவதன்று. அதன் பல குரல்களையும் ஒருசேரக் கேட்பதற்கு 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியே ஏற்ற காலம் எனக் கருதுகிறேன். அக்காலத்தின் மிகப்பெரும் அமைதி அறிஞரான எராஸ்மஸின் மூன்று நூல்களை மையமாகக் கொண்டு அக்குரல்களை மதிப்பிட முயல்கிறது இக்கட்டுரை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடக்க நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ எழுத்தாளர்களில் தெர்த்தூலியன், ஒரிஜென் போன்றோர் ஒரு விசுவாசி வாளேந்துவதை ஏற்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலம் தொட்டுப் பேரரசும் திருச்சபையும் நெருங்கியபின் வினா மாறியது. போரிடலாமா என்பது போய், எந்தப் போர் நியாயமானது என்பது வந்தது. இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபாவில், அன்றைய ஹிப்போவில், ஆயராக இருந்த அகஸ்டின் (354–430) அதற்கு விடைதேடத் தொடங்கினார். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் அக்வினாஸ் அதை மூன்று நிபந்தனைகளாக வகுத்தார்: உரிய அதிகாரமுடையவரின் ஆணை, நியாயமான காரணம், நேரிய எண்ணம். நம் மாணவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. இமாமின் அனுமதி, போருக்குரிய காரணம், நிய்யத் எனத் தம் பாடங்களில் அவர்கள் காணும் தலைப்புகளை அடுத்துத்தான் இவையும் நிற்கின்றன.

இந்த மரபின்மீது உள்ளிருந்தே கைவைத்தவர் எராஸ்மஸ். ராட்டர்டாமில் பிறந்து, துறவு மடத்தில் வளர்ந்து, குருவாகி, 1536இல் பாசல் நகரில் மறைந்தவர். 1516இல் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சில் வெளியிட்டவர். சொல்லின் மூலத்தைத் தேடிச் சென்று பொருளைத் திருத்திக்கொள்ளும் அவருடைய முறை, நஹ்வும் ஸர்ஃபும் கற்று மூலநூலுக்குள் நுழையும் நம் மாணவர்களுக்கு நெருக்கமானதே. 1506 நவம்பரில் போப் இரண்டாம் ஜூலியஸ் படையோடு பொலோஞ்ஞா நகருக்குள் வெற்றி ஊர்வலம் வந்ததை எராஸ்மஸ் நேரில் பார்த்தார். ஈஸா நபி (அலை) அவர்களின் பெயரால் ஆட்சி செய்பவர் ஒரு படைத்தலைவனைப்போல் வருவதைக் கண்ட அந்த அதிர்ச்சி அவருடைய எழுத்தில் இறுதிவரை நீங்கவில்லை.

1515இல் விரிவாக்கி வெளியிடப்பட்ட அவருடைய முதுமொழித் தொகுப்பில், போரை அறியாதவர்க்கே அது இனிக்கும் என்னும் பழைய மொழிக்கு நீண்டதொரு விளக்கவுரை இருக்கிறது. நியாயப்போர்க் கோட்பாட்டை அவர் அங்கே ஓர் எளிய வினாவால் அசைக்கிறார். தன்னுடைய காரணம் நியாயமற்றது என்று எண்ணும் மன்னன் எவன்? இரு தரப்பும் நியாயத்தைக் கோருகின்றபோது அந்தக் கோட்பாடு யாரைத் தடுக்கிறது? இன்றும் இவ்வினாவுக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை.

இரண்டாம் நூல் 'அமைதியின் முறையீடு'. பர்கண்டியின் தலைமை அமைச்சராக இருந்த ழான் லெ சோவாஜின் வேண்டுகோளின்பேரில், கம்ப்ரேயில் நடக்கவிருந்த மன்னர்களின் அமைதிப் பேச்சை ஒட்டி எழுதப்பட்டு, 1517 டிசம்பரில் பாசலில் அச்சாயிற்று. இந்நூலில் பேசுபவள் அமைதியே. எல்லா இடங்களிலிருந்தும் விரட்டப்பட்ட ஒரு பெண்ணாக அவள் தன் கதையைச் சொல்கிறாள். அரசவைக்குப் போகிறாள், அறிஞர்களிடம் போகிறாள், துறவு மடங்களுக்குப் போகிறாள், இல்லறத்துக்குள்ளும் எட்டிப்பார்க்கிறாள். எங்கும் பூசலே அவளை எதிர்கொள்கிறது. விலங்குகள்கூடத் தம் இனத்தோடு இணங்கி வாழ்கையில் மனிதன் மட்டும் ஏன் இப்படி என்று வியக்கிறாள்.

நூலின் உச்சம் போர்க்களக் காட்சி. இருபுறப் பாசறைகளிலும் ஒரே சிலுவைக்கொடி. இரு பக்கமும் ஒரே இறைவனைத் தந்தை என்றழைத்து ஒரே பிரார்த்தனையை ஓதுகின்றன. ஓதிமுடித்து ஒருவரை ஒருவர் வெட்டுகின்றன. வேண்டிய மாற்றங்களையும் எராஸ்மஸ் வெளிப்படையாகச் சொல்கிறார். சண்டைகளை ஆயர்களும் அறிஞர்களும் நடுவராக இருந்து தீர்க்கட்டும். நாட்டெல்லைகள் நிலையாக இருக்கட்டும். மன்னர்களின் திருமண உறவுகள் போருக்கு வித்தாக வேண்டாம். மக்களின் ஒப்புதலின்றிப் போர் தொடங்கக் கூடாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை இவை என்பதை மறக்கலாகாது. இந்நூலைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்த லூயி த பெர்க்கன், சமயத் துரோகக் குற்றச்சாட்டின்பேரில் 1529இல் பாரிஸில் எரிக்கப்பட்டார். அமைதியைப் பேசுவதும் மொழிபெயர்ப்பதும் அக்காலத்தில் எவ்வளவு ஆபத்தான பணிகளாக இருந்தன என்பதற்கு அவருடைய முடிவும் ஒரு சான்று.

இத்தனை சிறப்புகளையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் குறையைச் சொல்வதற்கு நமக்கு உரிமை பிறக்கிறது. நூலின் போக்கில் ஓரிடத்தில் அமைதி என்னும் அப்பெண் ஒரு சலுகை அளிக்கிறாள். போர் மனித இயல்பிலிருந்து நீங்காத நோயாகவே இருக்குமானால், அந்த வெறியைக் கிறிஸ்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கொட்டுவதைவிடத் துருக்கியர்மேல் கொட்டலாமே என்கிறாள். உடனேயே, அவர்களைப் போதனையாலும் நற்செயலாலும் தூய வாழ்வாலும் வெல்வதே மேல் என்று திருத்தியும் கொள்கிறாள். திருத்தம் உண்மையானதுதான். எனினும் முதலில் சொன்னது சொன்னதாகவே நிற்கிறது. எல்லா வீடுகளிலிருந்தும் விரட்டப்பட்டதாக அழுத அவள், விரட்டப்படக்கூடியவர்கள் சிலர் உண்டு என்று தானே சுட்டிக்காட்டிவிட்டாள்.

எராஸ்மஸின் சார்பில் பேசுவோர் இதற்கு ஒரு விளக்கம் தருவர். போப் பத்தாம் லியோ துருக்கியருக்கு எதிரான சிலுவைப்போருக்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மன்னர்களின் காதில் விழுவதற்காக அவர்கள் மொழியிலேயே ஒரு வாதத்தை எடுத்துவைத்தார் என்பர். அதில் உண்மை உண்டு. முதுமொழி விளக்கவுரையிலேயே அவர் அதற்கு மாறாகப் பேசியிருக்கிறார். நாம் துருக்கியர் என்றழைக்கும் மக்களுள் பெரும்பாலார் பாதிக் கிறிஸ்தவர்கள். ஒருவேளை நம்மவர் பலரைவிட உண்மைக் கிறிஸ்தவத்துக்கு அருகில் இருப்பவர்கள் என்னும் கருத்து அங்கே இருக்கிறது. அக்காலத்தில் அதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். ஆனால் அந்தப் பாராட்டையும் கூர்ந்து நோக்க வேண்டும். துருக்கியர் துருக்கியராக இருப்பதால் அல்ல, கிறிஸ்தவத்தை நெருங்கியிருப்பதால்தான் அங்கே மதிக்கப்படுகின்றனர். தூரம் குறைந்தால் மதிப்புக் கூடுகிறது; தூரம் கூடினால் என்னாகும் என்பதற்கு அங்கே விடையில்லை.

விடை 1530இல் வந்தது. அதற்குள் நிலைமை முற்றிலும் மாறியிருந்தது. 1526இல் மொஹாச் போர்க்களத்தில் ஹங்கேரியின் மன்னர் இரண்டாம் லூயி மாண்டார். 1529இல் சுல்தான் சுலைமானின் படை வியன்னாவை முற்றுகையிட்டுத் திரும்பியது. அந்த அச்சத்தின் நடுவே, கொலோன் நகரத்துச் சட்ட அறிஞர் யோஹான் ரிங்கை விளித்து எழுதிய 'துருக்கியர்மீது போர்தொடுப்பது குறித்த ஆலோசனை' என்னும் நூலை எராஸ்மஸ் வெளியிட்டார். சங்கீத விரிவுரையோடு இணைந்த நூல் இது. இருவகையினரை அதில் அவர் மறுக்கிறார்: கிறிஸ்தவன் எந்நிலையிலும் போரிடக் கூடாது என்போரையும், ஆராயாமல் போருக்கு ஓடுவோரையும். போர் எல்லா வழிகளும் அடைபட்ட பிறகே. அதுவும் உள்ளம் திருந்திய பிறகே என்பது அவர் முடிவு. சிலுவைப்போரின் பெயரால் மீண்டும் மீண்டும் திரட்டப்பட்ட பணம் எங்கே போயிற்று என்றும் கேட்கிறார். துருக்கியன் என்ற ஒரே காரணத்தால் ஒருவனை வெறிநாயைப்போல் கொல்லலாம் என்று பொதுமக்கள் எண்ணுவதைக் கண்டிக்கிறார். வென்ற நிலத்தில் உடனே மதம் மாறாதவர்களைச் சிறிதுகாலம் அவர்களுடைய சட்டப்படியே வாழ விடலாம் என்றும் சொல்கிறார்.

இந்நூலைப் படிக்கும் முஸ்லிம் வாசகனுக்கு நன்றியும் வருத்தமும் ஒருசேரத் தோன்றும். நம் உயிரைப் பற்றி அவர் கவலைப்பட்டிருக்கிறார். ஆனால் துருக்கியரின் வரலாற்றை அவர் விவரிக்கும் பகுதியில் நாம் காண்பது ஒரு நாகரிகமற்ற கூட்டம். கிறிஸ்தவர்களின் பாவத்துக்குத் தண்டனையாக இறைவன் அனுப்பிய ஒரு சாட்டை. சாட்டைக்கு வலியும் இல்லை, வாதமும் இல்லை. அமைதிக்கே ஒரு வாயைக் கொடுத்துப் பேசவைத்த அந்தக் கலைஞர், ஒரு துருக்கியனுக்கு ஒரு வாக்கியம் பேச இடமளிக்கவில்லை. சிறிதுகாலம் தம் சட்டப்படி வாழலாம் என்ற சலுகையும், அந்தச் 'சிறிதுகாலம்' முடியும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்பதே.

எராஸ்மஸ் மறுத்த இருவகையினரையும் பார்த்தால்தான் மதிப்பீடு நிறைவுபெறும். துருக்கியரை எதிர்ப்பது இறைவனின் தண்டனையை எதிர்ப்பதாகும் என்று மார்ட்டின் லூதர் 1518இல் எழுதினார். 1520இல் போப்பின் ஆணைமடல் கண்டித்த 41 கூற்றுகளில் இதுவும் ஒன்று. 1529இல் அவர் 'துருக்கியருக்கு எதிரான போர் குறித்து' என்ற நூலில் தம் நிலையை விளக்கினார். பேரரசர் தம் குடிகளைக் காக்கப் போரிடலாம். ஆனால் அது சமயப்போராக இருக்கக் கூடாது. குருமார் அதற்குத் தலைமை தாங்கக் கூடாது. இஸ்லாத்தைப் பற்றி லூதர் எழுதிய கடுஞ்சொற்கள் பல. இருந்தும், அந்தப் போரிலிருந்து சமயத்தின் பெயரை நீக்கியவர் அவரே என்பது வியப்பளிக்கும் உண்மை.

மற்றொருவரை நம் வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். மிக்கேல் சாட்லர் என்ற முன்னாள் துறவி, மறுதிருமுழுக்கு இயக்கத்தைச் சேர்ந்தவர். விசுவாசி வாளேந்தலாகாது என்று உறுதிகூறும் ஷ்லைட்ஹைம் அறிக்கையை 1527 பிப்ரவரியில் உருவாக்கியவர். அவ்வாண்டு மே மாதம் ராட்டன்பர்க் நகரில் அவர்மீது வழக்கு நடந்தது. துருக்கியர் வந்தால் எதிர்க்கக் கூடாது என்று போதித்தார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவர் அதை மறுக்கவில்லை. போரிடுவது முறையென்றே வைத்துக்கொண்டாலும், துருக்கியரைவிட, நல்லோரைத் துன்புறுத்தும் பெயரளவுக் கிறிஸ்தவர்களை எதிர்த்துக் களமிறங்குவதையே தாம் விரும்புவதாகக் கூறினார். நாவை அறுத்து, உடலைப் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் பிய்த்து, எரித்தார்கள். அவருடைய மனைவியை நீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். வெளியிலிருப்பவனையும் சேர்த்துக்கொண்ட அமைதி அந்நூற்றாண்டில் என்ன விலை பெற்றது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

போரை ஏற்றுக்கொண்ட தரப்பையும் கேட்போம். சாலமன்கா பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ்கோ த விட்டோரியா, 1527இல் வல்லதொலித் நகரில் எராஸ்மஸின் நூல்களை ஆராயக் கூடிய அறிஞர் குழுவில் இருந்தவர். 1539இல் போர்ச்சட்டம் பற்றி அவர் ஆற்றிய விரிவுரை புகழ்பெற்றது. சமய வேறுபாடு போருக்குக் காரணமாகாது. ஆட்சியை விரிவாக்குவதும் மன்னனின் புகழும் காரணமாகா. இழைக்கப்பட்ட அநீதி ஒன்றே காரணமாகும் என்று அவர் வகுத்தார். துருக்கியரோடு நடக்கும் போரிலும் குழந்தைகளைக் கொல்லலாகாது என்று பெயர்சுட்டியே கூறினார். ஆனால் கைதிகளைப் பற்றிப் பேசுமிடத்தில் அதே விட்டோரியா, கிறிஸ்தவர்களுக்குள் நடக்கும் போரில் கூடாத ஒன்றை முஸ்லிம்கள் விஷயத்தில் அனுமதிக்கிறார். அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்கலாம். ஏனெனில் அவர்களோடுள்ள போர் முடிவில்லாதது என்பது அவர் தரும் காரணம். ஆக, அமைதியைப் பாடிய எராஸ்மஸுக்கும் போரை வரையறுத்த விட்டோரியாவுக்கும் நீதியின் எல்லை ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் முடிகிறது.

விட்டோரியா இதைச் சொன்ன காலத்தில் அந்த எல்லைக்கு வெளியே இருந்தவர்களுள் நம் முன்னோரும் அடங்குவர். அதற்கு முந்திய ஆண்டான 1538இல்தான் வேதாளைக் கடற்கரையில் மார்ட்டிம் அஃபோன்சோ த சூசாவின் போர்ச்சுகீசியப் படை, மரைக்காயர்களின் கப்பற்படையை முறியடித்தது. ஐரோப்பியரின் ஏடுகளில் 'துருக்கியர்', 'மூர்கள்' என்னும் சொற்கள் என்ன செய்தன என்பது நமக்கு ஏட்டறிவு மட்டுமன்று.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரையும் தொடக்கத்தில் கண்டித்த பிழையையே செய்ததாகும். இதே உரைகல்லை நம் நூல்கள்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். வகுப்பில் நான் நடத்திய அந்தப் பாடத்திலேயே பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் பார்வையற்றோரையும் கொல்லலாகாது என்ற சட்டம் இருக்கிறது. விட்டோரியாவுக்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது அது. அதே பாடத்தில், எதிரிகள் முதலில் தாக்காவிட்டாலும் அவர்களோடு போரிடுவது கடமையே என்ற கூற்றும் இருக்கிறது. போர்க்கைதிகளாகும் பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்கும் சட்டமும் இருக்கிறது. முதலாவதை மேடையில் சொல்லிவிட்டு மற்றவற்றை வகுப்பறைக்குள் பூட்டிவைப்பது நேர்மையாகாது. 1570இல், வெனிஸோடு செய்த உடன்படிக்கையை முறித்து சைப்ரஸ்மீது படையெடுக்க உஸ்மானியப் பேரரசின் ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் ஃபத்வா வழங்கினார். அந்நிலம் முன்பு முஸ்லிம்களுடையதாக இருந்தது என்பது அவர் சொன்ன நியாயம். எராஸ்மஸின் வினா அவருக்கும் பொருந்தும்: தன் காரணம் நியாயமற்றது என்று எண்ணும் மன்னன் எவன்?

வேறொரு நூலும் நம்மிடம் இருக்கிறது. ஷாஃபிஈ மாணவர்கள் அனைவரும் அறிந்த 'ஃபத்ஹுல் முஈன்' ஆசிரியர் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம், அதே 16ஆம் நூற்றாண்டில் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற அரபு நூலை எழுதினார். போர்ச்சுகீசியரின் கொடுமைக்கு எதிராக முஸ்லிம்களைப் போருக்கு அழைக்கும் நூல் அது. ஆயினும் அந்நூல், முஸ்லிமல்லாத மலபார் மன்னர்களின் நீதியையும் அவர்கள் முஸ்லிம்களுக்குக் காட்டிய மதிப்பையும் நன்றியோடு பதிவுசெய்கிறது. மலபார் இந்துக்களின் வழக்கங்களுக்கு ஒரு தனிப் பகுதியே ஒதுக்குகிறது. அவர் அழைத்த போர் சாமூதிரி என்னும் இந்து மன்னரின் பக்கம் நின்று செய்யும் போர். இங்கே பகைமைக்குக் காரணம் சமய வேறுபாடன்று, இழைக்கப்பட்ட அநீதி. விட்டோரியா கோட்பாடாகச் சொல்லிப் பிறகு விதிவிலக்கால் குறைத்துக்கொண்ட ஒன்றை, பொன்னானியிலிருந்த ஒரு ஷாஃபிஈ ஆலிம் தம் அண்டை வீட்டாரைப் பார்த்து நடைமுறையிலேயே கண்டுகொண்டார். தம் சமயத்தைச் சாராதவனுடைய நீதியைக் கண்ணால் கண்டவருடைய எழுத்துக்கும், அவனை வதந்தியாக மட்டும் கேட்டவருடைய எழுத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

கிறிஸ்தவச் சிந்தனை எராஸ்மஸோடு நின்றுவிடவில்லை. 2019 பிப்ரவரியில் அபூதாபியில், அல்அஸ்ஹரின் ஷைகு அஹ்மத் அத்தய்யிபும் போப் பிரான்சிஸும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையொப்பமிட்டனர். 2025இல் மறைந்த அந்தப் போப், 2020இல் வெளியிட்ட சுற்றுமடலைத் தொடங்கும்போதே, 1219இல் அசிசியின் பிரான்சிஸ் எகிப்துக்குச் சென்று சுல்தான் அல்மலிக் அல்காமிலைச் சந்தித்ததை நினைவுகூர்ந்தார். சிலுவைப்படை தமீத்தாவை முற்றுகையிட்டிருந்த வேளையில் நடந்த சந்திப்பு அது. முன் நூற்றாண்டுகளில் வகுக்கப்பட்ட நியாயப்போர் அளவைகளைக் கொண்டு இக்காலப் போரை நியாயப்படுத்துவது மிகக் கடினம் என்றும் அம்மடல் கூறுகிறது. எனினும் இதே காலத்தில், 2022 முதல் உக்ரைன்மீது நடக்கும் போருக்கு ரஷ்யத் திருச்சபையின் தலைவர் கிரில் ஆசி வழங்கியதையும் உலகம் கண்டது. அங்கே தாக்கப்படுகிறவர்களும் கிறிஸ்தவர்களே. இரு பாசறைகளிலும் ஒரே சிலுவை நிற்கும் எராஸ்மஸின் காட்சி இன்னும் பழையதாகவில்லை.

ஆகவே ஒரு சமயத்தின் அமைதிக் கொள்கையை மதிப்பிட விரும்புவோர், அது தன்னவர்க்கு என்ன சொல்கிறது என்பதைப் படித்ததோடு நூலை மூடிவிடக் கூடாது. அந்த அமைதி யாரோடு முடிகிறது, முடியும் இடத்தில் நிற்பவனுக்குப் பேச இடமிருக்கிறதா என்று தேட வேண்டும். எராஸ்மஸை இவ்வாறு படிக்கும்போது அவர் சிறுத்துப்போவதில்லை. தம் காலத்தின் எல்லைவரை வந்து, அதைத் தாண்டக் கால்தூக்கி, தயங்கி நின்ற ஒரு நேர்மையாளராகத் தெரிகிறார். அந்த மாணவர் இப்போது வேறோர் ஊரில் இமாமாக இருக்கிறார். அவர் மீண்டும் கேட்டால், ஆம், அவர்களிடமும் ஸியர் உண்டு என்றே சொல்வேன். அதை எந்தக் கண்ணால் படிக்கிறாயோ அதே கண்ணால் உன் கையிலிருக்கும் கிதாபையும் படி என்பதையும் இம்முறை சேர்த்துச் சொல்வேன்.